வாசலில் எண்ணெய்ச் சொட்டு: பழைய ஆம்னி வேனில் ஆயில் லீக்கை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

எங்கள் வண்டியில் ஆயில் ஒழுகுவதை முதலில் பார்த்தவர் அப்பத்தாதான். கானாடுகாத்தானில் வீட்டு முகப்புக்கு எதிரே வேனை நிறுத்துவது வழக்கம். ஒருநாள் விடிகாலையில் வாசல் தெளித்துவிட்டுக் கோலப்பொடியோடு குனிந்தவர், "தம்பி, தண்ணியில வானவில்லு மாதிரி என்னமோ ஓடுது, வந்து பாரு" என்று கூப்பிட்டார். தெளித்த தண்ணீரில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தால்கூட நிறம் நிறமாகப் படர்ந்து காட்டிக் கொடுத்துவிடும். அதே சொட்டு எங்கள் ஊர்ச் செம்மண்ணில் விழுந்திருந்தால் மண் குடித்துவிட்டு ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கும்.

வண்டி பழைய கார்புரேட்டர் ஆம்னி. 1984-ல் மாருதி வேன் என்று வந்து, 1988-ல் ஆம்னி என்று பெயர் மாறி, 2019 வரை தயாரான அதே வண்டிதான். கல்யாண வீடுகளுக்குச் சமையல் ஆட்களையும் பாத்திரங்களையும் ஏற்றிப் போகும். இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி என்று நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களையும் சுற்றிப் பார்க்க வருகிறவர்களையும் அதில்தான் அழைத்துப் போவோம். இத்தனை வருடத்தில் இந்த வண்டியில் ஒழுகாத இடம் இல்லை என்றே சொல்லலாம். ஒவ்வொரு ஒழுகலும் ஒரு பாடம் சொல்லித் தந்தது. அதில் ஒன்று மட்டும் எல்லாவற்றுக்கும் பொது: எண்ணெய் சொட்டும் இடம் வேறு, ஒழுகும் இடம் வேறு. மேலே கசிந்தது வழிந்து, காற்றில் பின்னால் அடித்துப் போய், எங்கோ தாழ்வான ஒரு போல்ட் தலையில் சேர்ந்து அங்கிருந்து சொட்டும். சொட்டும் இடத்தில் இருக்கிற சீலை, அதாவது எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையத்தை, மாற்றினால் பணம் போகும், ஒழுகல் போகாது.

வேறு பழைய வேன் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். என்ஜின் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் மாறும்.

முதலில், அது என்ஜின் ஆயில்தானா?

ஆம்னியில் 796 சிசி, மூன்று சிலிண்டர் பெட்ரோல் என்ஜின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருக்கிறது. அதற்குப் பின்னால் கியர்பாக்ஸ், அங்கிருந்து நீளமான ஷாஃப்ட், பின் அச்சில் டிஃபரன்ஷியல். ரேடியேட்டர் முன்னால். ஆகவே சொட்டு எந்த இடத்துக்கு நேர் கீழே விழுகிறது என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும். ராத்திரி வண்டியை நிறுத்தியதும் அடியில் பழைய மாதக் காலண்டர் தாள்களை, வெள்ளைப் பக்கம் மேலே இருக்கும்படி, நான்கைந்து விரித்து வையுங்கள். காற்றில் பறக்காமல் ஓரத்தில் கல் வைக்க வேண்டும். முன்சக்கரம் நின்ற இடத்தைப் பேனாவால் குறித்துக்கொண்டால் காலையில் குழப்பம் வராது.

காலையில் தாளில் இருப்பதை விரலால் தொட்டுத் தேய்த்து, முகர்ந்து பாருங்கள். கறுப்பாகவோ பழுப்பாகவோ இருந்து வழுவழுவென்று வந்தால் என்ஜின் ஆயில். தேன் மாதிரிக் கெட்டியாக, கந்தக நெடி அடித்தால் கியர் ஆயில். அது கியர்பாக்ஸிலிருந்தோ பின் அச்சிலிருந்தோ வருகிறது. பச்சையாகவோ வேறு சாயமாகவோ, லேசாக இனிப்பு வாடையோடு இருந்தால் கூலண்ட். ஒரு சக்கரத்தின் உள்பக்கம் மட்டும் நனைந்திருந்து, திரவம் தண்ணீர் போல மெலிசாக இருந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். அப்படியானால் வண்டியை எடுக்காதீர்கள், பிரேக் பார்க்கிறவரை வரவழையுங்கள். பெட்ரோல் வாடை என்றாலும் அப்படித்தான். என்ஜின் மேலேயே உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி இது.

அளவையும் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். தோராயமாக 20 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி. நிமிடத்துக்கு ஒரு சொட்டு விழுந்தால் ஒரு நாளைக்கு 1440 சொட்டு, கிட்டத்தட்ட 70 மில்லி. இரண்டு வாரத்தில் ஒரு லிட்டர் காணாமல் போகும். சின்ன என்ஜின், மொத்தமே மூன்று லிட்டர் அளவுதான் பிடிக்கும். அதில் ஒரு லிட்டர் குறைவது சின்ன விஷயமில்லை. தாளில் வாரத்துக்கு இரண்டு மூன்று புள்ளி விழுந்தால் அவசரம் இல்லை, நிதானமாகப் பார்க்கலாம்.

கழுவாமல் எதையும் கழற்றாதீர்கள்

எங்கள் பக்கத்துச் செம்மண் புழுதி எண்ணெய் பட்ட இடத்திலெல்லாம் ஒட்டி, வெயிலில் காய்ந்து, அடை மாதிரி ஆகிவிடும். பல வருட அடையை வைத்துக்கொண்டு புதிய ஒழுகலைத் தேட முடியாது. ஆனால் சுரண்டுவதற்கு முன் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். அடை காய்ந்து வெளிறி இருக்கும் இடம் பழைய கதை. அடை கறுத்து ஈரமாகப் பளபளக்கும் இடமும், அடையே இல்லாமல் எண்ணெயே கழுவிவிட்டது போலச் சுத்தமாக இருக்கும் கோடும் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஒழுகலின் தடம். அதைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு கழுவுங்கள்.

என்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்புவது), காயில், ஆல்டர்னேட்டர், கார்புரேட்டர் வாய் நான்கையும் கவரால் மூடிக் கட்டுங்கள். டீசலோ மண்ணெண்ணெயோ தொட்டுப் பழைய பிரஷ்ஷால் தேய்த்து, அப்புறம் சோப்புத் தண்ணீரால் அலசி, துணியால் துடைத்து நன்றாகக் காய விடுங்கள். பெட்ரோலால் கழுவாதீர்கள். ஒரு பொறி போதும்.

காய்ந்த பிறகு முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைச் சந்தேகமான இடங்களில் மெலிசாகத் தூவுங்கள். டேப்பட் கவர் (என்ஜின் தலையான ஹெட்டின் மேல்மூடி) ஓரம், டிஸ்ட்ரிபியூட்டர் அடி, ஆயில் ஃபில்டர் சுற்று, பிரஷர் சுவிட்ச், சம்ப் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) ஓரம், புல்லிக்குப் பின்பக்கம் என்று எல்லா இடத்திலும். பெல்ட் மேல் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்த இடத்தில் பத்து நிமிடம் ஓட விட்டு, பிறகு காரைக்குடி வரை ஒரு நடை போய்வந்து இருக்கையைத் தூக்கிப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் கறுப்புக் கோடு தெரியும். அந்தக் கோட்டைக் கீழிருந்து மேலே விரலால் தொடர்ந்து போங்கள். எல்லாவற்றுக்கும் மேலே நனைந்திருக்கும் புள்ளிதான் ஒழுகும் இடம். ஒரு தடவையில் தெரியாவிட்டால் இன்னொரு தடவை செய்யுங்கள். ஒரு பவுடர் டப்பா செலவு, அவ்வளவுதான்.

அடியில் படுத்துப் பார்ப்பதானால் ஜாக்கியை மட்டும் நம்பிப் போகக் கூடாது. ஸ்டாண்ட் வைத்து, பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, வண்டியை ஒரு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் தலையை உள்ளே விட வேண்டும்.

"ஓட்டும்போது கருகல் வாடை வருது, தரையில ஒண்ணும் இல்ல"

ஆம்னியில் அதிகம் கேட்கும் புகார் இதுதான். எண்ணெய் தரைக்கு வருவதற்குள் சூடான எக்ஸாஸ்ட் குழாய் மேல் விழுந்து கருகிவிடுகிறது. என்ஜின் நமக்கு அடியிலேயே இருப்பதால் வாடை நேராக மூக்குக்கு வரும். சிக்னலில் நிற்கும்போது அதிகமாகவும், வேகமாகப் போகும்போது குறைவாகவும் தெரியும்.

பெரும்பாலும் டேப்பட் கவர் பேக்கிங்தான் காரணம். ரப்பர் பேக்கிங் வருடக்கணக்கில் வெந்து கல்லாகிவிடும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாமல் டக்கென்று உடைந்தால் அதன் ஆயுள் முடிந்தது. இதை வீட்டிலேயே ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடலாம். செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன், இங்கே அவசரப்படுபவர்கள்தான் அதிகம்.

பிரீதர் ஹோஸையும் (உள்ளே சேரும் வாயு வெளியேறும் குழாய்) ஏர் கிளீனரையும் விலக்கிவிட்டுக் கவரின் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். கவர் ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள். அலுமினிய ஹெட்டில் விழும் ஒரு கீறல் ஆயுசுக்கும் ஒழுகும். மரக்கட்டை வைத்துப் பக்கவாட்டில் தட்டினால் விட்டுவிடும். பழைய ரப்பர் துணுக்கு உள்ளே விழாமல் துணி அடைத்துக்கொண்டு, இரண்டு பரப்பையும் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டுங்கள். எமரி பேப்பர் வேண்டாம், அதன் பொடி ஆயிலோடு பேரிங்குக்குப் போய்விடும். கவரை ஒரு கண்ணாடிப் பலகை மேல் கவிழ்த்து வைத்து, சுற்றிலும் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். ஓரம் வளைந்திருந்தால் எவ்வளவு நல்ல பேக்கிங் போட்டாலும் நிற்காது.

புதிய ரப்பர் பேக்கிங்குக்குச் சுற்றிலும் சிலிகான் பேஸ்ட் பூசுகிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அது தவறு. பேஸ்ட் வழுக்கி, இறுக்கும்போது பேக்கிங் வெளியே பிதுங்கிவிடும். ஹெட்டில் இரண்டு பாகங்கள் சேரும் மூலைகளில் மட்டும் உளுந்தளவு அனபாண்ட் (சிலிகான் பேஸ்ட்) போதும். போல்ட்டுக்கு அடியில் இருக்கும் ரப்பர் வாஷர்களையும் சேர்த்து மாற்றுங்கள். அதை விட்டுவிட்டு, "பேக்கிங் புதுசு, ஆனாலும் ஒழுகுது" என்று வருகிறவர்கள் நிறைய. இறுக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று சுற்றில், மணிக்கட்டு பலம் மட்டும். ஒழுகுகிறதே என்று இன்னும் ஒரு பிடி இறுக்கினால் கவர் வளையும், ஒழுகல் கூடும்.

கருகல் வாடையோடு இருக்கைக்கு அடியிலிருந்து புகையும் தெரிந்தால் வண்டியை ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள். எண்ணெய் தோய்ந்த துணி ஒன்று எக்ஸாஸ்ட் பக்கத்தில் மறந்து கிடந்தாலே தீப்பிடிக்கும்.

"என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல சொட்டுது"

இந்த ஒரு அறிகுறியில்தான் நான் அதிகம் இழந்தேன். ஒரு தைப்பூசத்துக்கு முன்னால், என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தை மூடும் பெல் ஹவுசிங் அடியில் சொட்ட ஆரம்பித்தது. பழனிப் பாதயாத்திரைக்கு மூட்டை முடிச்சு ஏற்றிப் போக வண்டி வேண்டும். ஒரு பட்டறையில் பார்த்தவுடனே, "கிராங்க்கோட பின்பக்க சீல் போயிடுச்சு, கியர்பாக்ஸ் இறக்கணும்" என்றார்கள். கிராங்க் என்பது பிஸ்டன்கள் சுழற்றும் என்ஜின் தண்டு. கழுவிப் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. இறக்கினார்கள், சீல் மாற்றினார்கள், கிளட்ச் பிளேட்டும் மாற்றினார்கள். குன்றக்குடி தாண்டி சிங்கம்புணரி வழியாக நத்தம் போவதற்குள் மறுபடி அதே இடத்தில் சொட்டு. நடப்பவர்களுக்குப் பின்னால் முதல் கியரில் ஊர்ந்து போனதில் என்ஜின் சூடேறி, ஆயில் இளகி, ஒழுகல் முன்னைவிட அதிகமாகவே இருந்தது. வழியெல்லாம் ஆயில் வாங்கி ஊற்றிக்கொண்டே போனேன்.

திரும்பி வந்து கழுவிப் பவுடர் போட்டுப் பார்த்தால், ஹெட்டின் பின்முனையில் டிஸ்ட்ரிபியூட்டர் உட்காரும் இடத்திலிருந்து கோடு இறங்கியிருந்தது. அதன் அடியில் இருக்கும் ஓ-ரிங் வெடித்திருந்தது. கடுகளவு விலை. எண்ணெய் ஹெட்டின் பின்சுவர் வழியாக இறங்கி, பெல் ஹவுசிங் மேல் விழுந்து, சுற்றிக்கொண்டு அடியில் சொட்டியிருக்கிறது.

ஆகவே பெல் ஹவுசிங் அடியில் ஈரம் என்றால் இந்த வரிசையில் பாருங்கள். முதலில் டேப்பட் கவரின் பின் ஓரம். அடுத்து டிஸ்ட்ரிபியூட்டர் ஓ-ரிங். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றுவதானால் அதன் உடம்பிலும் ஹெட்டிலும் சேர்த்து ஒரு கோடு குறித்து, உள்ளே இருக்கும் ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் டைமிங், அதாவது பொறி விழும் நேரம், மாறிவிடும். அதற்கப்புறம் சம்பின் பின் மூலை. இந்த மூன்றும் காய்ந்திருந்து, பெல் ஹவுசிங்கின் உள்ளே இருந்து, அடியில் உள்ள துளை வழியாக மட்டும் எண்ணெய் வந்தால்தான் பின் சீல் பக்கம் போக வேண்டும். அப்போதும் முகர்ந்து பாருங்கள். கந்தக நெடி அடித்தால் என்ஜின் சீலில் குற்றம் இல்லை, கியர்பாக்ஸின் முன் சீல்தான் ஒழுகுகிறது. இரண்டுக்கும் கியர்பாக்ஸ் இறக்கத்தான் வேண்டும், ஆனால் மாற்ற வேண்டிய பொருள் வேறு.

கிளட்ச் வழுக்க ஆரம்பித்திருந்தால், அதாவது ஆக்சிலரேட்டர் மிதித்தால் சத்தம் கூடி வேகம் கூடாமல் இருந்தால், எண்ணெய் பிளேட்டைத் தொட்டுவிட்டது. ஊறிய பிளேட்டைப் பெட்ரோலில் கழுவிப் போட்டால் கொஞ்ச நாள்தான் ஓடும். இறக்கிய கையோடு புதிது போடுங்கள். சீல் மாற்றும்போது பட்டறைக்காரர் பக்கத்தில் நின்று இரண்டு விஷயம் பாருங்கள். பழைய சீல் உரசிய இடத்தில் கிராங்கில் நகம் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கிறதா? விழுந்திருந்தால் மெல்லிய ஸ்லீவ் ஏற்றலாம், அல்லது சீலின் உதடு, அதாவது உரசும் ஓரம், புதிய இடத்தில் உட்காரும்படி சீலை ஒரு நூலளவு தள்ளி வைக்கலாம். இரண்டாவது, சீலின் ஸ்பிரிங் உள்ள பக்கம் எண்ணெயை நோக்கி இருக்க வேண்டும், உதட்டில் துளி ஆயில் தடவியிருக்க வேண்டும். வறட்டு சீல் முதல் ஸ்டார்ட்டிலேயே தேய்ந்துவிடும்.

"எந்த சீல் மாத்தினாலும் மறுபடி ஒழுகுது"

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்றுகூடத் தோன்றுகிறது, அவ்வளவு முக்கியம். பல இடங்களில் ஒரே சமயத்தில் ஈரம் தெரிந்தால், அல்லது புதிய சீல் சில வாரத்தில் கசிந்தால், சீல்களைக் குறை சொல்லாதீர்கள். உள்ளே அழுத்தம் கூடியிருக்கிறது.

என்ஜின் ஓடும்போது எரிந்த வாயு கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி கீழே இறங்கும். அது வெளியேற டேப்பட் கவரிலிருந்து ஏர் கிளீனருக்கு ஒரு பிரீதர் ஹோஸ் இருக்கிறது. சில வண்டிகளில் அந்த வாயுவை ஒரு பக்கமாக மட்டும் விடும் பிசிவி வால்வும் உண்டு. அந்த வழி புழுதியாலும் கரியாலும் அடைபட்டால் வாயு வேறு வழி தேடும். எந்தப் பேக்கிங் பலவீனமோ அதன் வழியாக எண்ணெயையும் தள்ளிக்கொண்டு வெளியே வரும். சாதம் கொதிக்கும் பானையை இறுக்கி மூடினால் கஞ்சி ஓரத்தில் பொங்கி வழிவது மாதிரிதான்.

சோதிப்பது எளிது. என்ஜினைச் சும்மா ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, வாயில் ஒரு ரப்பர் கையுறையை மாட்டுங்கள். தொங்கியே இருந்தாலோ லேசாக உள்ளே இழுத்தாலோ நல்லது. உப்பிக் கை விரித்து எழுந்து நின்றால் அழுத்தம் இருக்கிறது. உடனே பிரீதர் ஹோஸைக் கழற்றி, வாயால் ஊதிப் பாருங்கள். உள்ளே கறுப்புக் களி இருந்தால் மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவுங்கள். ரப்பர் ஊறிப் போய்த் தொளதொளவென்று இருந்தால் உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்ளும், புதிது வாங்குங்கள். பிசிவி வால்வைக் கையில் வைத்துக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் கேட்க வேண்டும்.

வழியெல்லாம் சுத்தமாக இருந்தும் கையுறை உப்பினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏர் கிளீனர் பெட்டிக்குள் எண்ணெய் தேங்கியிருப்பதும் அதற்குச் சாட்சி. கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுத்தால் அளவு ஏறுகிறதா? ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. அந்த நிலையில் சீல் மாற்றிப் பயனில்லை, என்ஜின் வேலைக்குப் பணம் சேர்க்க வேண்டும்.

"ஆயில் மாத்தின மறுநாளே ஒழுகுது"

நேற்று கை வைத்த இடத்தைத்தான் பார்க்க வேண்டும். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொள்ளும். அதைக் கவனிக்காமல் புதியதை மாட்டினால் இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்து, அழுத்தம் வந்ததும் பீய்ச்சியடிக்கும். சில நிமிடத்தில் சம்ப் காலியாகிவிடக்கூடிய ஒழுகல் இது. புதிய வளையத்தில் விரலால் ஆயில் தடவி, வளையம் தொட்ட பிறகு கையாலேயே முக்கால் சுற்று இறுக்கினால் போதும்.

டிரெய்ன் போல்ட்டில் கசிந்தால் வாஷரை மாற்றுங்கள். நசுங்கி மூட வேண்டிய வாஷர் அது, ஒரு தடவைதான் நசுங்கும். மரை தேய்ந்து போல்ட் சுற்றிக்கொண்டே இருந்தால் டெஃப்லான் டேப் சுற்றி ஓட்டாதீர்கள். லேத் பட்டறையில் ஒரு சைஸ் பெரிய போல்ட்டுக்கு மரை அடித்துத் தருவார்கள். ஊற்றும்போது சிந்திய ஆயில் இரண்டு நாள் சொட்டிக்கொண்டிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். துடைத்துவிட்டுப் பாருங்கள்.

"முன்பக்கம் புல்லி சுற்றி எண்ணெய்"

கிராங்க் முன் சீல் அல்லது கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) சீல். டைமிங் பெல்ட் கவர் முழுக்க மேலிருந்து கீழ் நனைந்திருந்தால் கேம் சீல், கீழே புல்லியைச் சுற்றி வட்டமாகத் தெறித்திருந்தால் கிராங்க் சீல். இதைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த என்ஜினில் டைமிங் பெல்ட் ரப்பர். எண்ணெய் ஊறினால் பல் உரிந்துவிடும், பெல்ட் அறுந்தால் நடுவழியில் நின்றுவிடும். சீல் மாற்றப் பெல்ட்டைக் கழற்றத்தான் வேண்டும் என்பதால் இரண்டு சீலும் பெல்ட்டும் ஒரே கூலியில் முடித்துவிடுங்கள். டைமிங் குறி பார்த்துப் போடத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டிய வேலை. எனக்குத் தெரிந்தும் நான் கொடுத்துத்தான் செய்கிறேன்.

"சம்ப் ஓரம் முழுக்க ஈரம்"

மேலே இருந்து எதுவும் வழியவில்லை என்று உறுதியான பிறகுதான் சம்பைத் தொட வேண்டும். தகர சம்பின் ஓரம், யாரோ எப்போதோ அதிகமாக இறுக்கியதில், ஒவ்வொரு போல்ட் துளையைச் சுற்றியும் உள்வாங்கியிருக்கும். சமமான மரக்கட்டை மேல் வைத்துச் சின்னச் சுத்தியால் தட்டி நேராக்கிவிட்டுத்தான் பேக்கிங் போட வேண்டும். வெறும் பேஸ்ட் போடுவதானால் மூன்று மில்லி மீட்டர் கனத்தில் ஒரே கோடாக, துளைகளுக்கு உள்பக்கமாக இழுங்கள். நிறையப் போட்டால் நல்லது என்று நினைக்காதீர்கள். உள்ளே பிதுங்கிய பேஸ்ட் உதிர்ந்து, ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்து, என்ஜினே கடித்து நின்றுவிடும். ஒரு ராத்திரி காயவிட்டுக் காலையில் ஆயில் ஊற்றுங்கள்.

"ஆயில் பல்பு மினுக்குது"

ஓரம் கட்டி அணையுங்கள். அடுத்த ஊர் வரை போய்ப் பார்க்கலாம் என்பது கிடையாது. ஐந்து நிமிடம் பொறுத்து டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பியை) இழுத்துப் பாருங்கள். அளவு கீழ்க்கோட்டுக்குக் கீழே இருந்தால் ஊற்றிவிட்டு, எங்கே போனது என்று தேடுங்கள். அளவு சரியாக இருந்தால் ஆயில் பிரஷர் சுவிட்சைப் பாருங்கள். அதன் வயர் சொருகும் முனையிலேயே எண்ணெய் ஊறியிருந்தால் சுவிட்ச் உள்ளே கிழிந்திருக்கிறது, ஒழுகுவதும் அதுதான், பல்பு மினுக்குவதும் அதனால் இருக்கலாம். விலை குறைந்த பொருள், மாற்றிவிடலாம். மாற்றியும் பல்பு எரிந்தால் மீட்டர் வைத்து அழுத்தம் அளக்கும் வரை என்ஜினை ஓட்ட வேண்டாம்.

"சொட்டே இல்ல, ஆனா ஆயில் குறையுது"

என்ஜின் தின்கிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலப் புகை ஒரு வீச்சு வந்து நின்றால் வால்வு சீல். மிதிக்கும்போதெல்லாம் நீலப் புகை என்றால் ரிங். ஆயில் மோர் மாதிரி வெளுத்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் பேக்கிங்கைச் சந்தேகப்படுங்கள். மார்கழிக் குளிரில் பக்கத்துத் தெருவுக்கு மட்டும் ஓடும் வண்டியில் மூடிக்கு அடியில் லேசாக வெள்ளை நுரை படியும். அது வெறும் ஈரம், ஒரு நீண்ட ஓட்டத்தில் போய்விடும். என் கணக்கில் ஆயிரம் கிலோ மீட்டருக்கு அரை லிட்டர் தாண்டினால்தான் என்ஜினைத் திறப்பதைப் பற்றிப் பேச வேண்டும்.

"ஊத்தாமலே ஆயில் அளவு கூடுது"

கூடுவது ஆயில் அல்ல. மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் உள்ள பழைய கார்புரேட்டர் வண்டியில் பம்பின் டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் சம்புக்குள் இறங்கும். டிப்ஸ்டிக்கை முகர்ந்தாலே தெரியும். இளகிய ஆயில் எல்லா சீலிலும் ஒழுகும், பேரிங்கையும் தின்றுவிடும். பம்பை மாற்றி, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றும் வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். யாராவது கணக்கில்லாமல் ஊற்றியதால் மேல்கோட்டைத் தாண்டியிருந்தாலும் சீல்கள் கசியும். அதற்கு வடித்துவிட்டால் போதும்.

சரிசெய்யப் பணம் இல்லாதபோது

ஒழுகலை நிறுத்தும் மருந்து என்று பாட்டிலில் விற்பது, காய்ந்த ரப்பர் சீலைக் கொஞ்சம் ஊதவைக்கும். கிழிந்த பேக்கிங்குக்கும் பள்ளம் விழுந்த கிராங்குக்கும் அதனால் ஒன்றும் ஆகாது. கனமான ஆயில் ஊற்றினால் சொட்டு கொஞ்சம் குறையும், ஆனால் கையேட்டில் சொன்ன கிரேடைத் தாண்டிப் போகாதீர்கள். அதைவிட, தினமும் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் டிப்ஸ்டிக் பார்த்து, ஒரு நோட்டில் தேதி, கிலோ மீட்டர், ஊற்றிய அளவு மூன்றையும் எழுதுங்கள். ஒழுகல் கூடுகிறதா, அப்படியே நிற்கிறதா என்று அந்த நோட்டு சொல்லும். அப்படியே நிற்கிற ஒழுகலோடு ஒரு முகூர்த்த சீசனை ஓட்டிவிடலாம். கூடுகிற ஒழுகலை நம்பிக் கல்யாண வீட்டுச் சாமானை ஏற்றாதீர்கள்.

வடித்த ஆயிலை ஊருணிக் கரையிலோ வாய்க்காலிலோ கொட்ட வேண்டாம். மழைத் தண்ணீர் ஊருணிக்குப் போய், அங்கிருந்து மண்ணுக்குள் இறங்கித்தான் நம் கிணறு ஊறுகிறது. பழைய கேனில் சேர்த்து வைத்தால் பட்டறைகளில் வாங்கிக்கொள்வார்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் சொட்டிவிட்டால் தண்ணீர் ஊற்றித் தேய்க்காமல், முதலில் சிமெண்ட் பொடியோ மரத்தூளோ தூவி ஒரு ராத்திரி விடுங்கள். சிமெண்டால் செய்த கல் எண்ணெயை உறிஞ்சும், உலர்ந்த பொடி அதில் பாதியைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். மறுநாள் பெருக்கிவிட்டு, கறை மிச்சம் இருந்தால் இன்னொரு தரம் தூவுங்கள்.

வேலை முடிந்த பிறகு, 50 கிலோ மீட்டர் ஓடியதும் ஒரு தடவையும், 500 ஓடியதும் ஒரு தடவையும் இருக்கையைத் தூக்கிப் பாருங்கள். புதிய பேக்கிங் சூட்டில் படிந்து போல்ட் லேசாகத் தளர்ந்திருக்கலாம், அப்போது கால் சுற்றுக்கும் குறைவாக ஒரு பிடி பிடிக்கலாம். ராத்திரி மறுபடி காலண்டர் தாளை விரியுங்கள். மூன்று காலை தொடர்ந்து தாள் வெள்ளையாக இருந்தால் வேலை முடிந்தது.